தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வரிசையாகப் பிள்ளை செத்துப்போகிற வீட்டில், அடுத்துப் பிறக்கிறதைப் பிறந்த ஈரத்தோடு முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் போட்டுவிடுவார்கள். வேறு வீட்டுக்காரி ஒருத்தி சும்மா அந்தப் பக்கம் வருகிறவள் போல வந்து, "அடி ஆத்தே, யாரு பெத்துப் போட்டதோ" என்று எடுத்துக்கொண்டு போவாள். பெற்றவள் ஒரு படி தவிட்டைக் கொடுத்து அவளிடமிருந்து அதை விலைக்கு வாங்கிக்கொள்வாள். அதற்கப்புறம் அது பெற்ற பிள்ளை இல்லை, வாங்கிய பிள்ளை. கொண்டுபோக வருவது எதுவோ, அது பெற்ற பிள்ளையைத்தான் தேடும், வாங்கியதைத் தொடாது என்று நம்பினோம்.

எனக்கு முதலில் பிறந்த ஆண் பிள்ளை பதினோரு நாள் இருந்தது. அடுத்தது பெண். நடக்க ஆரம்பித்த நேரத்தில் வயிற்றுப்போக்கில் போய்விட்டது. மூன்றாவதாகப் பிறந்தவளை அப்படித்தான் வாங்கினேன். குப்பைமேட்டிலிருந்து அவளை எடுத்தது எதிர் வீட்டு அண்ணி. என் பெரியப்பா மகன் பெண்டாட்டி. தவிட்டை அளக்கும்போது, "தலை தட்டி அளக்காதடி, குமிச்சு அள, ராணி மாதிரி புள்ள" என்று பேரம் பேசியே வாங்கினாள்.

வாங்கிய பிள்ளை அம்மா என்று கூப்பிடக் கூடாது. அக்கா என்று பழக்கினேன். யாருடைய பிள்ளை என்று எவர் கேட்டாலும் தவிட்டுக்கு வாங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். என் பிள்ளை, நான் பெற்றது என்று வாய் தவறியும் வரக் கூடாது. அவள் பெரிய மனுஷியாகிறவரைக்கும் அந்தக் கட்டு. அவளுக்கு மூன்று வயது நடக்கையில் அவள் அப்பா வரப்பில் பாம்பு தீண்டிச் செத்தார். அப்புறம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா, அக்கா என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருவாள். உள்ளுக்குள் ஒன்று நெகிழும். வெளியில், "சனியனே, விலகு" என்பேன். அப்படி ஏசுவதும் அந்தக் கட்டில் ஒரு பங்கு.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். எங்கள் தெருவில் நடவுக்குப் போகிற பெண்கள் பதினெட்டுப் பேருக்கும் நான்தான் முன்னால் நிற்பேன். நான் நட்ட முதல் வரிசையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வரிசை பிடிப்பார்கள். கயிறு கட்டாமலே நேராக வரும். பண்ணை வீட்டாரை எங்கள் அம்மா காலத்தில் "ஆண்டே" என்பார்கள். நான் ஐயா என்று மட்டும் சொல்லுவேன். அதற்கே எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர்.

புது ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஏழைகளின் ஆட்சி என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். அறுப்புக் கூலியைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று சர்க்காரே சொன்னது. எங்கள் ஊர் மிராசுதார் கொடுக்க மாட்டேன் என்றார். கரை வேட்டிக்காரர்கள் வந்து அவர் வீட்டில் காபி குடித்துவிட்டு, "பாத்துப் பேசிக்கலாம்" என்று போய்விட்டார்கள். தை அறுப்புக்கு மிராசுதார் வெளியூர் ஆள் நூறு பேரை லாரியில் இறக்கினார். நாங்கள் விவசாயக் கூலிக்காரர் சங்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு வயலுக்குள் இறங்கி நின்றோம். பிள்ளையை யாரிடம் விடுவது? இடுப்பில்தான் இருந்தாள். ஆறு வயது ஆகப்போகிறது, கனம் வேறு.

அடிதடி ஆனது, போலீஸ் வேன் வந்தது. அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் ஒரு ரைட்டர் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகப் பெயர், புருஷன் பெயர் எழுதினார். மேற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றும் தெரியாது.

"புள்ள யாருது?" என்றார்.

"தவிட்டுக்கு வாங்கினதுங்க."

எழுதுகிற கை நின்றது. "வாங்கினதா? யார்கிட்ட?"

"எதுத்த வீட்டு அண்ணிகிட்டங்க."

"அந்தம்மா பெத்ததா?"

பின்னால் நின்ற அண்ணி சொன்னாள்: "நா எங்க பெத்தேன்? குப்பையில கெடந்துச்சு, எடுத்தேன்."

பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். வயலில் அடி வாங்கி, சேறும் ரத்தமுமாக நிற்கிறோம், அதிலும் ஒரு சிரிப்பு. ரைட்டர் சிரிக்கவில்லை. பிள்ளையைப் பார்த்து, "பாப்பா, இது உனக்கு யாரு?" என்றார். அது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அக்கா" என்றது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் எங்களைத் திருச்சி ஜெயிலுக்கு ஏற்றினார்கள். பெற்ற தாயாக இருந்தால் அந்த வயதுப் பிள்ளையைக் கூடவே ஜெயிலுக்குள் வைத்துக்கொள்ள விடுவார்களாம். இரண்டு தெரு தள்ளி இருந்த ஒருத்தி அப்படித்தான் தன் மகனோடு வந்தாள். என்னிடம் ஜெயில் பெண் வார்டர் ஒருத்தி வந்து பிள்ளையைக் கேட்டாள். "உன் புள்ளையா இருந்தா இப்ப சொல்லிடு. இல்லேன்னா தஞ்சாவூர் அனாதை விடுதிக்கு அனுப்பிடுவாங்க" என்றாள். நல்லபடியாகத்தான் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். பதினோரு நாள் இருந்தவன் முகம் முன்னால் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன். உயிரோடு எங்கேயாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அவள் என் கையிலிருந்து பிள்ளையைப் பிரித்து எடுத்தாள். அது அழவில்லை. நான் வந்து கூட்டிப்போவேன் என்று நினைத்திருக்கும்.

நாலு மாசம் கழித்துச் சங்கத்தார் ஜாமீனில் எடுத்தார்கள். வீட்டுக்குக்கூடப் போகாமல் தஞ்சாவூரில் இறங்கி விடுதியைக் கேட்டுக் கேட்டுப் போனேன். மேட்ரன் ஒரு கண்ணாடிக்கார அம்மா. பெரிய நோட்டைப் புரட்டினாள்.

"தாய் தகப்பன் தெரியாத புள்ளைன்னு போட்டிருக்கு. நீ யாரு?"

"நாந்தாங்க வளத்தேன்."

"வளத்தியா, வாங்கினியா? விலைக்கு வாங்கினதா போலீஸ் எழுதி அனுப்பியிருக்காங்க. புள்ளைய விலைக்கு வாங்குறது குத்தம். தெரியுமா உனக்கு? உம்மேல இன்னொரு கேஸ் போடலாம்."

"ஒரு படி தவிடுங்க, அது வெலையா?"

"எதுவா இருந்தா என்ன? இங்க இப்ப இல்ல அவ. கும்பகோணம் தாண்டிக் குத்தாலத்துல ஒரு வாத்தியார் வீட்டுல வளர்க்கக் குடுத்திருக்கு. நல்ல எடம். அவங்களுக்குப் புள்ள இல்ல. பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு."

"எனக்குக் குடுங்க."

"உனக்கு எதுக்குக் குடுக்கணும்? பெத்தவளா இருந்தா கோர்ட்ல சொல்லி உத்தரவு வாங்கிட்டு வா. இல்லேன்னா ஊருக்குப் போய் வேலையப் பாரு."

கெட்டவள் இல்லை அவள். போகும்போது எனக்குச் சோறு போடச் சொன்னாள். நான் சாப்பிடவில்லை. அந்த நாள் பசி இப்போதும் ஞாபகம் இருக்கிறது. வீம்பு என்று சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள்.

சங்கத்து வக்கீல் மன்னார்குடியில் இருந்தார். இளவயசு. எங்கள் ஊர்ச் சண்டை வழக்கே அவர் மேஜையில் மலை போல இருந்தது. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு சுலபமான கேஸ எப்படிம்மா இவ்வளவு சிக்கலாக்கினீங்க? பொறந்த பதிவு ஊர் முன்சீப்கிட்ட இருக்கும். அதுல ஒரு நகல் வாங்கிட்டு வாங்க. முடிஞ்சுது."

சுலபம் அவருக்கு. எங்கள் ஊரில் முன்சீப் வேறு, மிராசுதார் வேறு இல்லை. பரம்பரையாக இரண்டும் ஒரே ஆள். யாருடைய வயலில் கொடி பிடித்து நின்றேனோ அவரிடம் போய் என் பிள்ளைக்குக் காகிதம் கேட்க வேண்டும்.

இரண்டு மாசம் அவரிடம் போகவில்லை. பக்கத்து ஊர் வயலுக்குப் போனேன், வந்தேன். குறுவை நடவு ஓடியது. ஒரு நாள் நாற்றுக்கட்டைத் தூக்கும்போது என் கை தன்னால் இடுப்புப் பக்கம் போனது, அவள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு. அன்றைக்கே கரையேறிக் காலைக் கழுவிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கொல்லைப்புறமாக வரச் சொன்னார்கள். வாசலிலேயே நின்றேன்.

அவர் வெளியே வந்தார். "என்னடி, கொடி எங்க? விட்டுட்டு வந்துட்டியா?"

"பொறந்த பதிவுல ஒரு நகல் வேணுங்க ஐயா."

"பதிவா? உம் புருஷன் வந்து சொன்னானா? சொன்னாத்தான எழுதுவாங்க. நீங்கதான் குப்பையிலேருந்து எடுத்தோம்னு ஊரெல்லாம் சொன்னீங்க. குப்பையில கெடந்ததுக்கு அப்பன் பேரு ஆத்தா பேரு நா எங்கேருந்து எழுதறது?"

"ஊருக்கே தெரியுங்க, எதுக்கு அப்படிச் சொல்றதுன்னு."

"தெரியும். எனக்கும் தெரியும்." குரலை இறக்கினார். "உன் கும்பல்ல பதினெட்டுப் பேரு. நீ வந்தா அவளுக வருவாளுக. நாளைக்கு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வயலுக்கு வா. பழைய கூலி. சாயங்காலமே எழுதிக் குடுக்கறேன். புள்ளையும் ஆச்சு, பொழப்பும் ஆச்சு."

நான் திரும்பி நடந்தேன். தெருவில் எல்லோரும் காத்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அண்ணிதான் முதலில் பேசினாள். "போவோம்டி. கூலி என்ன கூலி. அது நா எடுத்த புள்ளடி. போவோம்."

ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மகன் அந்தச் சண்டையில் கை ஒடிந்து அப்போதும் கட்டுப்போட்டிருந்தான். இன்னொருத்தி, "நீ சொன்னா வர்றோம்க்கா" என்றாள். நீ சொன்னால் என்றாள். அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. நான் சொல்லவில்லை. வேண்டாம், கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அவர்களுக்காகச் செய்தேனா, அந்த வாசலில் தோற்க மனசில்லாமல் செய்தேனா, இன்று வரை எனக்குத் தெரியாது. என் மகளுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

காகிதம் இல்லை என்றதும் வக்கீல் சொன்னார்: "அப்ப ஒரே வழிதான். நீங்க கூண்டுல ஏறிச் சொல்லணும். நாந்தான் பெத்தேன்னு. ஒரு வார்த்தை. அதுக்குச் சாட்சியா உங்க அண்ணியையும் கூட்டிட்டு வாங்க."

"வாயால வேணாங்க. நீங்க எழுதுங்க, நா கைநாட்டு வெக்கிறேன்."

"எழுதினா மட்டும் பரவாயில்லையா?"

"சாமிக்கு எழுத்துத் தெரியாதுங்க. காதுதான் கேக்கும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. மனுக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார். எழுதினார், கைநாட்டு வைத்தேன். அப்போது எனக்கு எழுத்து தெரியாது. இந்த நாலு எழுத்துக் கூட்டக் கற்றதெல்லாம் பல்லு விழுந்த பிறகுதான்.

கோர்ட்டுக்கு எத்தனை தடவை நடந்தேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. நீடாமங்கலத்தில் ரயில் ஏறித் தஞ்சாவூரில் இறங்கினால், ஐயா லீவு என்பார்கள். அடுத்த தடவை விடுதிக்காரர் வரவில்லை என்பார்கள். அதற்கடுத்து பந்த் என்பார்கள். மரத்தடியில் உட்கார்ந்து உட்கார்ந்து அங்கே டீ விற்கிறவன் என்னைப் பார்த்தாலே, "இன்னிக்கும் இல்லையாம் ஆத்தா" என்பான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் குத்தாலத்துக்கே போனேன். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வரலாம் என்று. பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். இரட்டைச் சடை, காலில் செருப்பு. அந்த வாத்தியார் வீட்டம்மா வாசலுக்கு வந்து பையை வாங்கினாள். பிள்ளை, "அம்மா, பசிக்குது" என்றது. நான் திரும்பி வந்துவிட்டேன். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் ஊர் பஸ்ஸைக் கண் எதிரே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து விசாரணை வந்தது. மாஜிஸ்திரேட் வயசானவர். முதலில் அண்ணியை ஏற்றினார்கள். சத்தியம் வாங்கினார்கள். உண்மை தவிர வேறு சொல்ல மாட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

வக்கீல் கேட்டார்: "இந்தப் புள்ளைய யாரு பெத்தாங்க?"

"எனக்கென்ன தெரியும்? குப்பையில கெடந்துச்சு."

வக்கீல் முகம் வெளுத்துவிட்டது. "ஆச்சி, சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"அதான் சொல்றேன். எடுத்தது நான். கொடுத்தது நான். ஒரு படி தவிடு வாங்கினது நான். குமிச்சுத்தான் வாங்கினேன். பொய் சொல்லல." என் பக்கம் திரும்பி, "என்னடி, நா சொல்றது சரிதான?" என்றாள். கோர்ட்டே சிரித்தது. எனக்குப் பிள்ளை கிடைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இல்லாமலில்லை. அந்த வார்த்தையைத் தான் சொல்லிவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று அவ்வளவு தூரம் வந்தும் காப்பாற்றினாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க வீட்டுலயும் எனக்கு மூத்தது மூணு போச்சு. என்னையும் தவிட்டுக்குத்தான் வாங்கினாங்க. எங்கம்மாவ நா அண்ணின்னுதான் கூப்பிட்டேன்" என்றார். கோர்ட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. "அதனால உன் நெலமை புரியுது. ஆனா எனக்குப் புரியறத வெச்சு உத்தரவு போட முடியாதும்மா. நீ சொல்லணும். சொன்னாத்தான் எழுதுவாங்க."

கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டை வழுவழுவென்று இருந்தது, எத்தனை பேர் பிடித்ததோ. பிள்ளையை அன்றைக்குக் கூட்டி வரவில்லை. அதுவும் நல்லதுதான் என்று நினைத்தேன், அவள் காதில் விழாது. வக்கீல் இரண்டு தரம் இருமினார்.

"நாந்தாங்க பெத்தேன்" என்றேன். கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லு என்றார்கள். சத்தமாகச் சொன்னேன். "எம் புள்ள. நாந்தாம் பெத்தேன்." அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தேன். டீக்காரன் ஒரு டம்ளர் டீ கொடுத்துக் காசு வாங்கவில்லை.

உத்தரவு வந்தது. தாய்க்குப் பிள்ளைமேல் இருக்கிற உரிமையெல்லாம் திரும்பக் கொடுக்கப்படுகிறது, ஒரு வருஷத்துக்கு விடுதியிலிருந்து ஒரு ஆள் வந்து பார்த்து எழுதுவார் என்று வக்கீல் படித்துக் காட்டினார். அதை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு குத்தாலத்துக்குப் போனேன். வாத்தியார் உள்ளே வரச் சொன்னார். அந்தம்மா பிள்ளையின் துணியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே திரும்ப மடித்தாள்.

பிள்ளைக்கு எட்டு வயதாகப்போகிறது. என்னைத் தெரிந்தது. "அக்கா, நான் வரணுமா?" என்றது.

இல்லை, உனக்கு இஷ்டமானால் வா என்று சொல்லியிருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும். எனக்குத் தெரியும். அதனால் அப்படிச் சொல்லவில்லை.

"வரணும்" என்றேன்.

வழியெல்லாம் பஸ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தது. ஊருக்கு வந்தும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய சோறு நாறுகிறது என்றது. வாய்க்காலில் குளிக்க மாட்டேன் என்றது. தெருப் பெண்கள் வந்து பார்த்து, "டவுன்காரி வந்துட்டாடி" என்று கேலி பண்ணினார்கள். அது என் பின்னால் ஒளிந்துகொண்டது. அப்படி ஒளிந்துகொண்டதற்காகவே நான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு மாசம் ஆகவில்லை, காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு அடித்தது. நீடாமங்கலம் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். குறைந்து மறுபடி ஏறியது. தெருவில் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எனக்குத் தெரியாதா, என்ன நினைக்கிறார்கள் என்று. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிட்டேன், அதனால் வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் அண்ணி முறத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"குடுடி. கொண்டுபோயிக் குப்பையில வெக்கிறேன். திரும்ப வாங்கிக்க. தவிடுகூட வேணாம்."

"எட்டு வயசுப் புள்ளைய மொறத்துலயா வெப்ப?"

"காலு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கட்டும். என்ன இப்ப?"

"வெக்கிறது வெச்சிடலாம் அண்ணி. அப்புறம் மறுபடியும் கோர்ட்டுக்கு எவ நடக்கறது?"

அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள். முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் பிள்ளை கண்ணைத் திறக்காமல் சொன்னது. "அம்மா வேணும்."

என்னை இல்லை. நான் அக்கா. அது கேட்டது குத்தாலத்தில் இருந்தவளை.

கோர்ட்டில் ஏறிச் சொன்னதைவிட அந்தப் பயணம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அண்ணியைப் பிள்ளைக்குக் காவல் வைத்துவிட்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். யாரிடமிருந்து பிள்ளையை ஜெயித்து வாங்கினேனோ அந்த வாசலில் போய்க் கேட்க வேண்டும். அந்தம்மா கதவைத் திறந்தாள். "காய்ச்சல். உங்களக் கேக்குது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள், கூஜாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டாள், கட்டியிருந்த புடவையோடு என் கூடக் கிளம்பினாள்.

எங்கள் தெருவுக்குள் அவளைப் போல ஒருத்தி நடந்து வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வீடு தலை நீட்டிப் பார்த்தார்கள். நிலைப்படி குனிந்து வந்து தரையில் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் கூஜாத் தண்ணீரைத்தான் குடித்தாள். இரண்டாம் நாள் அது தீர்ந்துபோயிற்று. எங்கள் பானையிலிருந்து மொண்டு குடித்தாள். நானும் பார்க்காதது போல இருந்துகொண்டேன். பிள்ளை தலைமாட்டில் அவளும் கால்மாட்டில் நானுமாக இருந்தோம். ஒரு தரம் மட்டும், "சீரகத் தண்ணி குடுத்தா வாந்தி எடுப்பா, அவளுக்கு ஆகாது" என்றாள். "தெரியும். பால்குடிக்கிறப்பவே அப்படித்தான்" என்றேன்.

அவள் வந்த நாலாம் நாள் வேர்த்துக் காய்ச்சல் விட்டது. தெருவில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அண்ணி முறத்தை எடுத்துப்போய் நெல் புடைக்க ஆரம்பித்தாள்.

அந்தம்மாவை ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். பஸ் வர நேரமானது. வரப்புப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"முழுப் பரீட்சை லீவுக்கு அவள ஒரு வாரம் எங்ககிட்ட அனுப்புவீங்களா?"

அந்த மாதிரி வீட்டுக்காரர்கள் யாரும் அதுவரைக்கும் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அதைவிட, அவளைப் பற்றி ஒன்று செய்ய என்னைக் கேட்டு யாரும் நின்றதில்லை. போலீஸ் என்னைக் கேட்கவில்லை, விடுதி கேட்கவில்லை, இந்தம்மா வீட்டுக்குக் கொடுத்தபோது யாரும் கேட்கவில்லை. உடம்பெல்லாம் அலுத்துப்போயிருந்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்து படுக்கலாம் போல இருந்தது. ஆனால் அவசரப்படவில்லை. பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது.

"அறுப்பு வருது. அது முடியட்டும். அவளையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"சரிங்க" என்று அவள் பஸ் ஏறினாள்.